முடிச்சுப் போட்ட பையில் செங்காய்

எழுத்தாளர் சோமலெ பிறந்த நெற்குப்பை, கண்மாய்த் தண்ணீரை நம்பி நெல் போடும் சீமையில் இருக்கிறது. அந்த ஊர்க் கடைகளில் விற்கும் தக்காளியில் பெரும்பங்கு வெளியூர்ச் சரக்கு. ஒட்டன்சத்திரத்திலும் மதுரையிலும் ஏலம் போய், லாரி ஏறி, நத்தம், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரி என்று ஊர் ஊராகக் கடந்து செட்டிநாட்டுக்குள் வருகிறது. ஒட்டன்சத்திரத்தில் ஒரு பெட்டி என்றால் 14 கிலோ. முழுப் பழத்தைப் பெட்டியில் அடுக்கினால் ஊர் போய்ச் சேருவதற்குள் பாதி நசுங்கிவிடும். அதனால் விவசாயி பறிப்பது பெரும்பாலும் செங்காய். பூ உதிர்ந்த நுனியில் மட்டும் வெளிர் மஞ்சளோ இளஞ்சிவப்போ லேசாக ஓடியிருக்கும். மேல்பகுதி இன்னும் பச்சையாகவே இருக்கும்.

ஆக, நாம் சமைக்கும் தக்காளியின் சிவப்பில் பெரும்பகுதி செடியை விட்டு இறங்கிய பிறகு உண்டாவது. லாரியிலும் கடை வாசலிலும் வீட்டுக் கூடையிலும் பழம் தன் நிறத்தைத் தானே தயாரித்துக்கொண்டிருக்கிறது. அந்த வேலை நடக்கும் நாட்களில் நாம் அதை எதில் வைக்கிறோம் என்பதைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம்.

சித்திரை மாதத்தில் பல வீடுகளில் நடப்பது இது. ஒரு கிலோ செங்காயைப் பாலித்தீன் பையில் வாங்கி வந்து, பையின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டு, அடுப்படி ஆணியில் தொங்கவிடுகிறார்கள். மூன்று நாள் கழித்து அவிழ்த்தால் பையின் உட்பக்கம் வியர்த்திருக்கிறது. பழம் சிவக்கவில்லை, மங்கிய ஆரஞ்சாக, சில இடங்களில் மஞ்சளாக நிற்கிறது. காம்பு இருந்த குழியில் வெள்ளையாகப் பூஞ்சை. மூக்கருகே கொண்டுபோனால் லேசான புளித்த வாடை. "மருந்தடிச்ச தக்காளி, அதான் இப்படி" என்று தீர்ப்பு சொல்லி வெளியே எறிகிறார்கள். தோட்டத்தில் என்ன அடித்தார்களோ, அதற்கும் இந்த நிறக் குறைவுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. பழம் இரண்டு காரணங்களால் சிவக்க முடியாமல் போனது: ஒன்று மூச்சு, மற்றொன்று சூடு.

முதலில் மூச்சு. பறித்த தக்காளி உயிரோடுதான் இருக்கிறது. ஆக்சிஜனை இழுத்து, சேமித்து வைத்த சர்க்கரையை எரித்து, கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளியே விடுகிறது. பழுக்கத் தொடங்கும் வேளையில் இந்த மூச்சின் வேகம் திடீரென்று ஏறும். ஆப்பிள், வாழை, மா இவற்றிலும் அப்படியே. இங்கிலாந்தில் ஆப்பிளை வைத்து இதை அளந்து காட்டியவர்கள் கிட், வெஸ்ட் என்ற இருவர், 1920களில். இலைக்கு இருப்பதுபோல் தக்காளியின் தோலில் மூச்சுத் துளைகள் கிடையாது. மெழுகு பூசிய அந்தத் தோல் வழியாகக் காற்று நுழைவது மிகச் சிரமம். பழத்தின் மூச்சில் பெரும்பகுதி காம்பு ஒடிந்த அந்தச் சின்னத் தழும்பு வழியாகவே போய் வருகிறது. நீர் இழப்பில் பெரும்பகுதியும் அந்த வழிதான். பூஞ்சை முதலில் அங்கே பிடிப்பதற்கும் அதுவே காரணம்.

பழுக்கச் சொல்லும் கட்டளை எத்திலின் என்ற வாயு. பழமே அதைத் தயாரிக்கிறது. மெத்தியோனைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து தொடங்கும் அந்தத் தயாரிப்பின் கடைசிப் படியில் ஆக்சிஜன் இல்லாமல் முடியாது. இந்தப் பாதையை 1979-இல் ஆடம்ஸும் ஷாங் ஃபா யாங்கும் தெளிவாக்கினார்கள். கார்பன் டை ஆக்சைடு மிகுந்தாலோ, அது எத்திலினின் வேலைக்குக் குறுக்கே நிற்கிறது. காற்றை அடைத்தால் கட்டளை பிறப்பதும் குறைகிறது, பிறந்த கட்டளை காதில் விழுவதும் குறைகிறது.

கட்டளை கிடைத்ததும் பழத்துக்குள் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. பச்சையம் சிதைகிறது. பச்சையம் இருந்த கணிகங்களே வண்ணக் கணிகங்களாக உருமாறி, அவற்றுக்குள் லைகோபீன் படிகங்களாகத் திரள்கிறது. லைகோபீன் என்பது 40 கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட சங்கிலி. தொடக்கத்தில் அது ஃபைட்டோயீன் என்ற நிறமற்ற பொருள். நொதிகள் அதிலிருந்து ஹைட்ரஜனைப் படிப்படியாகக் கழற்றுகின்றன. ஒவ்வொரு முறையும் ஓர் இரட்டைப் பிணைப்பு கூடுகிறது. நிறமற்றது வெளிர் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, 11 இரட்டைப் பிணைப்புகள் ஒரே தொடராக நிற்கும்போது சிவப்பாகிறது. அதே சங்கிலியின் முனைகளை வளையமாக மடித்தால் கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் கிடைக்கும். அது ஆரஞ்சு.

ஹைட்ரஜனோடு கழன்று வரும் எலக்ட்ரான்கள் எங்கே போகும்? கடைசியில் அவற்றை வாங்கிக்கொள்வது ஆக்சிஜன். இது வெறும் ஊகமல்ல என்பதற்குச் செடியே சாட்சி தந்திருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் 'பேய்' என்று பெயரிட்ட ஒரு தக்காளித் திரிபு உண்டு. அதன் இலைகளில் வெள்ளைத் திட்டுகள். பழம் சோகை பிடித்ததுபோல் வெளிறிப் பழுக்கும். எலக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் ஒப்படைக்கும் ஒரே ஒரு நொதி அதற்குக் கெட்டுப்போயிருக்கிறது என்று 2000-ஆம் ஆண்டு வாக்கில் கண்டறிந்தார்கள். மற்ற எல்லா நொதிகளும் சரியாக இருந்தும், நிறமற்ற ஃபைட்டோயீன் அப்படியே தேங்கிக் கிடந்தது. தக்காளி சிவப்பதற்கும் காற்றுக்கும் இவ்வளவு நேரடியான உறவு இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை. மூச்சு முட்டிய பழத்துக்குச் சத்தும் உண்டு, நொதியும் உண்டு. சங்கிலியின் கடைசிக் கண்ணியைக் கோக்கக் காற்றுதான் இல்லை.

இதையெல்லாம் நொதிகளின் பெயர்கூடத் தெரியாத காலத்தில் மோப்பம் பிடித்தவர் பெஞ்சமின் டக்கர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர். தக்காளியின் சிவப்பு நிறமி எந்தச் சூழலில் உருவாகும், எதில் உருவாகாது என்று ஆராய்ந்து 1913-இல் அவர் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சிவப்பு வரவில்லை. 30 டிகிரி செல்சியசுக்கு மேல் வைத்த காய்கள் மென்மையாகிப் பழுத்தன, ஆனால் மஞ்சளாகவே நின்றன. அவற்றையே குளிர்ந்த இடத்துக்கு மாற்றினால் சிவப்பு திரும்பி வந்தது. இந்த டக்கர் முதுமையில் லெடர்லி மருந்து ஆய்வகத்தில் சேர்ந்து ஆரியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றார். அந்த ஆய்வகத்தின் ஆராய்ச்சி இயக்குநராக இருந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். டக்கரின் பெயரைச் சொன்னால் மருத்துவர்களுக்கு ஆரியோமைசின் நினைவுக்கு வரும். எனக்கு அந்தத் தக்காளிக் கட்டுரைதான் பெரிது. நம் வெயிலில் தினமும் நடப்பதை அவர் அன்றே எழுதிவிட்டார்.

1952-இல் குட்வினும் ஜாமிகார்னும் டக்கர் விட்ட இடத்திலிருந்து ஓர் அடி மேலே போனார்கள். 30 டிகிரிக்கு மேல் தடைபடுவது லைகோபீன் மட்டும்தான். பீட்டா கரோட்டின் உருவாவது நிற்கவில்லை. சித்திரைத் தக்காளி ஏன் ஆரஞ்சாக நிற்கிறது என்பதற்கு விடை இதுதான். சிவப்பு பின்தங்கிப் போக, ஆரஞ்சு மட்டும் மேலெழுந்து தெரிகிறது.

இப்போது அடுப்படி ஆணிக்குத் திரும்புவோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 முதல் 25 டிகிரி வெப்பத்தில், பழுத்துக்கொண்டிருக்கும் ஒரு கிலோ தக்காளி மணிக்கு ஏறத்தாழ 20 மில்லிலிட்டர் ஆக்சிஜனை உறிஞ்சும். முடிச்சுப் போட்ட பையில் பழங்களுக்கு இடையே ஒரு லிட்டர் காற்று அகப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆக்சிஜன் 210 மில்லிலிட்டர். பை வழியாகக் காற்று புகவே புகாது என்றால் பத்தரை மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும்.

பாலித்தீன் அவ்வளவு இறுக்கமானதல்ல. அதன் மூலக்கூறுகளுக்கு இடையே வாயுக்கள் மெல்ல ஊர்ந்து போகும். கார்பன் டை ஆக்சைடு ஆக்சிஜனைவிட நான்கு மடங்கு வேகமாகக் கசியும். நீராவி மட்டும் வெகு குறைவாகவே வெளியேறும். 50 மைக்ரான் தடிமனில் ஒரு கிலோ பிடிக்கும் பையின் பரப்பை வைத்துப் பார்த்தால், வெளியிலிருந்து உள்ளே வரும் ஆக்சிஜன் மணிக்கு நான்கைந்து மில்லிலிட்டருக்கு மேல் போகாது. செலவு 20, வரவு 5. பழம் தன் மூச்சைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கப் பார்க்கிறது. உள்ளே ஆக்சிஜன் 2 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் அதனால் முடியாமல் போய், சர்க்கரையை நொதிக்க வைத்து உயிர் பிழைக்கிறது. எத்தனாலும் அசிட்டால்டிகைடும் சேர்கின்றன. முடிச்சை அவிழ்த்ததும் வந்த அந்தப் புளித்த வாடை இதிலிருந்து வந்தது.

மேலே போட்ட கணக்கு இதமான வெப்பத்துக்கு உரியது. செட்டிநாட்டுச் சித்திரையில் பகல் 37, 38 டிகிரியைத் தொடும்; அடுப்படியில் இன்னும் கூடும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் பழத்தின் மூச்சு இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கும் மேல் பெருகும். பையின் வழியே வாயு கசியும் வேகமும் ஏறும், ஆனால் அந்த அளவுக்கு ஏறாது. ஊட்டியில் ஒரு பழத்துக்குப் போதுமான பை, நெற்குப்பையில் அதே பழத்துக்கு மூச்சடைப்பு. ஐரோப்பியக் கடைகளுக்காக வடிவமைத்த பொதிகளை அப்படியே நம் வெயிலில் வைப்பது தவறு என்று நான் சொல்வது இதனால்தான். வடிவமைத்தவர் மனதில் 12, 15 டிகிரி ஓடிக்கொண்டிருந்தது. நம் கடை வாசலில் அந்தக் குளிர் மார்கழி விடியற்காலையில்கூடக் கிடைப்பது அரிது.

பிளாஸ்டிக்கை வில்லனாக்கி முடித்துவிட எனக்கு மனமில்லை. உண்மை அப்படி இல்லை. மூச்சை நிறுத்தாமல் மட்டுப்படுத்த முடிந்தால் அது பெரிய வரம். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டி. கே. சாலுங்கே, வூ என்பவரோடு சேர்ந்து 1973-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஆக்சிஜனைக் குறைத்து வைத்த அறைகளில் பச்சைத் தக்காளியின் பச்சையம் சிதைவதும், லைகோபீனும் கரோட்டினும் சேர்வதும், மாவுச்சத்து கரைவதும் எல்லாமே மெதுவாயின. பழம் வாரக்கணக்கில் கூடுதலாகத் தாங்கியது. இன்று தக்காளிக்குப் பரிந்துரைப்பது 3 முதல் 5 விழுக்காடு ஆக்சிஜன். கார்பன் டை ஆக்சைடு 5 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. அறையாகக் கட்டினால் செலவு அதிகம். பொருத்தமான தடிமனும் பொருத்தமான கசிவும் உள்ள பிளாஸ்டிக் உறையில் சரியான எடையை இட்டு மூடினால், பழமே தன் மூச்சால் அந்தக் காற்றை உள்ளே உண்டாக்கிக்கொள்ளும். உறையைத் திறந்தபின் மூச்சு திரும்பும், சிவப்பும் வரும். வெப்பம் மட்டும் கைக்குள் இருக்க வேண்டும்.

அந்த 'மட்டும்' என்ற இடத்தில்தான் நம் கதை இடறுகிறது. தோட்டத்திலிருந்து கடை வரை ஒரே குளிரில் போகும் தக்காளி தமிழ்நாட்டில் மிகக் குறைவு. லூதியானாவிலுள்ள அறுவடைக்குப் பிந்தைய பொறியியல் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட நாடளாவிய கணக்கெடுப்பில், இந்தியாவில் தக்காளி இழப்பு 12 விழுக்காட்டுக்கு மேல். எட்டுப் பெட்டி அனுப்பினால் ஒரு பெட்டி வீண். விலை சரிந்த நாளில் அது பெரிதாகத் தெரியாது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னையில் அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்ததே, அப்போது அந்த எட்டாவது பெட்டி எல்லார் நினைவிலும் வந்திருக்க வேண்டும்.

ஈரத்துக்கு வருவோம். தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். அதில் ஐந்தாறு பங்கு போனாலே தோல் சுருங்கத் தொடங்கும், வாங்குபவர் கை அதை ஒதுக்கிவிடும். திறந்த கூடையில், சித்திரைக் காற்றில், இது சில நாள் வேலை. மூடிய பையில் இந்த இழப்பு கிட்டத்தட்ட நின்றுவிடும். இது பையின் நன்மை. ஆனால் வெளியேற வழியில்லாத நீராவி, இரவு வெப்பம் நாலு டிகிரி இறங்கியதும் பையின் உட்பக்கம் முத்து முத்தாகக் கோக்கும். ஒரு துளி காம்புக் குழியில் தங்கினால் போதும். ரைசோபஸ் பூஞ்சையின் வித்து அதில் முளைத்து, ஒரே இரவில் பக்கத்துப் பழத்துக்கும் பாலம் போடும்.

அப்படியானால் ஈரத்தைக் காத்து, மூச்சை மட்டும் விடும் பை கிடைக்குமா? கிடைக்கும். ஓட்டை போட்டால் போதும். இதைச் சொல்ல ஒரு அத்தியாயம் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் அந்த ஓட்டையின் கணக்கு அழகானது. வாயு பிளாஸ்டிக்குக்குள் ஊர்வதோடு ஒப்பிட்டால், காற்றுக்குள் பல லட்சம் மடங்கு வேகமாகப் பரவும். கொத்தமல்லி விதை அளவில், 5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரே ஒரு துளை, உள்ளே ஆக்சிஜன் பாதியாகக் குறைந்திருக்கும் நேரத்தில், மணிக்கு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் ஆக்சிஜனை உள்ளே விடும். பை முழுவதின் பரப்பும் சேர்ந்து விடுவதைப்போல ஆறேழு மடங்கு. நான்கு துளை இருந்தால் ஒரு கிலோ தக்காளி வெளிக்காற்றில் இருப்பதுபோலவே மூச்சு விடும், சிவக்கும். நீராவியும் அந்தத் துளைகளால் போகும். ஆனால் திறந்த கூடையில் போவதில் சிறு பங்குதான். கண்ணால் பார்க்கும் துளை இல்லாத தக்காளிப் பொதியை வெயில் மாதத்தில் குளிர்சாதனமில்லாத கடையில் பார்த்தால் நான் எடுப்பதில்லை.

பழுக்காத காயை அரிசிப் பானைக்குள் புதைத்தோ காகிதத்தில் பொதிந்தோ பழுக்க வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அரிசிக்கு இடையிலும் காகிதத்துக்கு இடையிலும் காற்று தாராளமாகப் போய் வரும். பழம் விடும் எத்திலினில் கொஞ்சம் அங்கேயே தேங்கி, அடுத்த காய்க்கும் கட்டளை போகும். முடிச்சுப் போட்ட பாலித்தீனில் எத்திலின் அதைவிட அதிகமாகத் தேங்கலாம், ஆனால் காற்று இல்லாத இடத்தில் அந்தக் கட்டளைக்குப் பயனில்லை. சீக்கிரம் பழுக்கட்டும் என்று பையை இறுக்கிக் கட்டுகிறவர்கள் உண்மையில் பழுப்பதைத் தள்ளிப் போடுகிறார்கள்.

சூட்டைக் குறைப்பதற்குச் செட்டிநாட்டுக்காரர்களுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு வசதி உண்டு: அந்த ஊர்களின் பழைய வீடு. கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த கூரை, நடுவே முற்றம், காலுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல். பகலில் வெளியே அனல் பறக்கையில் இரண்டாம் கட்டின் உள் அறைகள் சில டிகிரி இதமாக இருக்கும். லைகோபீனுக்கு அந்தச் சில டிகிரிதான் தேவை. 30-க்கு மேல் நின்றால் ஆரஞ்சு. 27, 28-இல் நின்றால் சிவப்பு மெல்ல வரும். 20-ஐ ஒட்டி இருந்தால் நன்றாக வரும். செங்காயைக் காம்புக் குழி கீழே பார்க்கும்படி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், உள் அறைத் தரையில் ஒரு முறத்திலோ தட்டிலோ பரப்பி, மேலே மெல்லிய துணி போட்டு வைக்கலாம். வெளிச்சம் கட்டாயமில்லை, இருட்டிலும் தக்காளி சிவக்கும். சிவப்பொளி பட்டால் லைகோபீன் கூடுகிறது என்று 2000-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது உண்மைதான். அதை நம்பி வெயிலில் வைத்தால் சூடு வந்து அந்த லாபத்தையும் தின்றுவிடும்.

குளிர்சாதனப் பெட்டியா என்று கேட்பீர்கள். செங்காயை அதில் வைக்கவே கூடாது. 10, 12 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்த காய், வெளியே எடுத்தபின் திட்டுத் திட்டாகப் பழுக்கும், அழுகலும் எளிதில் பிடிக்கும். முழுப் பழம் தாங்கும், ஆனால் மணத்தை இழக்கும். ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் காட்டியபடி, 5 டிகிரியில் ஒரு வாரம் இருந்த பழத்தில் மணப் பொருள்களை உண்டாக்கும் மரபணுக்கள் அடங்கிப்போகின்றன. வெளியே எடுத்தும் அவை முழுதாக விழித்துக்கொள்வதில்லை. நிறம் அப்படியே இருப்பதால் இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது, ரசத்தில்தான் தெரியும்.

கடைசியாகப் பையின் தடிமன். தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பைக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. நாடு முழுவதற்குமான விதி வேறு: 2022 டிசம்பர் 31 முதல் கைப்பை 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. மெல்லிய பை குப்பையாகப் பறந்து கால்வாயை அடைக்கிறது, தடித்த பை மறுபடி பயன்படும் என்ற எண்ணத்தில் வந்த விதி. குப்பைக்கு அது நல்லது. தக்காளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு கணக்கு. பிளாஸ்டிக் தடிக்கும் அளவுக்கு வாயுக் கசிவு குறையும். 50 மைக்ரான் பையில் மணிக்கு ஐந்து மில்லிலிட்டர் உள்ளே வந்தது என்றால், 120 மைக்ரானில் இரண்டுதான் வரும். தடித்த பையை முடிச்சுப் போட்டால் மூச்சு இன்னும் சீக்கிரம் முட்டும். 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தின் துணிப்பைக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. நூலுக்கும் நூலுக்கும் நடுவே காற்று தாராளமாகப் போய் வரும்.

தோட்டத்திலிருந்து சந்தைக்கு வரும் பிளாஸ்டிக் பெட்டியை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மூங்கில் கூடையின் விளிம்பு குத்திய காயத்தில் பழம் கூடுதல் எத்திலினை விடும், அடியில் இருப்பது மேலிருப்பதன் பாரத்தில் வெடிக்கும். பெட்டியின் பக்கங்களில் வரிசையாகத் துளைகள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாலும் பாரத்தை ஏற்பது பெட்டியின் சுவர், பழம் அல்ல. கழுவி வெயிலில் காயவைத்து அடுத்த நடைக்கு அனுப்பலாம். ஒட்டன்சத்திரத்தில் ஏற்றிய செங்காய் திருப்பத்தூர் தாண்டி நெற்குப்பையில் இறங்கும்போது, பெட்டியின் நடுவில் இருந்த பழமும் ஓரத்தில் இருந்த பழமும் ஒரே நிறத்தில் வந்தால், அந்தத் துளைகள் வேலை செய்திருக்கின்றன. நடுவில் மட்டும் வெளிறி, தொட்டால் சூடாக இருந்தால், பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் தார்ப்பாயை இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள்.